கொழும்பு வளவில் விழும் சருகு: எரிப்பதா, உக்க விடுவதா, வண்டிக்குக் கொடுப்பதா?

கொழும்பில் முற்றமும் பின்வளவும் உள்ள வீடுகள் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றன. வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்கு ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன, மற்றவை தொடர்மாடிகளாகிவிட்டன. மிஞ்சியவற்றில் ஒன்று என் பெரியம்மாவுடைய வீடு. 15 பேர்ச் காணி. பின்வளவில் ஒரு மாமரம், ஒரு பலா, மதிலோரமாக இரண்டு தென்னை. நாற்பது வருடங்களாக அந்த வளவின் சருகுக்கு ஒரே முடிவுதான் இருந்தது: பின்னேரம் ஈர்க்குமாறால் கூட்டி, கிணற்றடிக்கு அப்பால் குவித்து, பழைய பத்திரிகைத் தாளொன்றைச் சுருட்டிப் பற்றவைத்துவிடுவார்கள். சென்ற வருடம் மதிலுக்கு அப்பால் எட்டு மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. அதன் மூன்றாம் மாடிக்குக் குடிவந்த இளம் பெண் ஒருநாள் பல்கனியில் நின்று, “அன்ரி, குறை நினைக்காதேங்கோ, பிள்ளைக்குத் தொய்வு, புகை நேரே எங்கட அறைக்குள்ள வருது” என்றார். பெரியம்மா அப்போதே ஒரு வாளி தண்ணீரை ஊற்றி நெருப்பை அணைத்துவிட்டார். ஆனால் மறுநாளும் இலை விழுந்தது.

எரிப்பது, மாநகர சபை வண்டிக்குக் கொடுப்பது, கூலிக்கு ஆள் பிடித்து ஏற்றிவிடுவது, வளவுக்குள்ளேயே உக்க விடுவது என்று வழிகள் நான்கு இருக்கின்றன. அவற்றை ஒப்பிட்டுச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. விசாரித்தும் செய்துபார்த்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடலாம்: இந்த நான்கில் எது நல்லது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சருகு அல்ல, சருகோடு கலந்து கிடப்பவை. கூட்டும்போது ஷொப்பிங் பையும் பால்மாப் பைக்கற்றும் இலையோடு சேர்ந்துவிட்டால், அந்தக் குவியல் எரிக்கவும் உதவாது, உரமாகவும் உதவாது, வண்டிக்காரரும் முகம் சுளிப்பார். பிரித்துவிட்டால் நான்கு வழிகளில் இரண்டு தாமாகவே தேவையற்றுப்போகின்றன.

சட்டம் எவ்வளவு தூரம் எட்டுகிறது

“பொலித்தீன் எரிப்பதுதான் குற்றம், இலை எரித்தால் யாரும் கேட்க முடியாது” என்பது எங்கள் ஒழுங்கையில் பலரும் உறுதியாகச் சொல்லும் கருத்து. 2017 செப்டம்பர் 1 ஆம் திகதி, 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் வெளியான கட்டளைகளை வாசிக்கும்போது அந்த உறுதி தளர்ந்துவிடுகிறது. லன்ச் ஷீட்டையும் ரெஜிபோம் உணவுப் பெட்டியையும் தடைசெய்த கட்டளைகள் அன்றுதான் வந்தன. அவை மட்டுமே எல்லோருக்கும் நினைவில் நின்றன. அவற்றோடு சேர்ந்து வந்த இன்னொரு கட்டளை, குப்பையையும் பிளாஸ்டிக் உட்பட ஏனைய எரியக்கூடிய பொருட்களையும் திறந்த வெளியில் எரிப்பதைத் தடைசெய்தது. “பிளாஸ்டிக் உட்பட” என்பதற்கும் “பிளாஸ்டிக் மட்டும்” என்பதற்கும் இடையிலுள்ள தூரம் பெரியது. காய்ந்த மாவிலை எரியக்கூடிய பொருள் அல்ல என்று எந்த நீதவான் முன்னிலையில் வாதாட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மேலாக, அயலவருக்குத் தொல்லை கொடுப்பது என்ற பழைய வகையும் உண்டு. அது பிளாஸ்டிக்குக்கும் சுற்றாடல் சட்டத்துக்கும் வெகு முந்தியது. கொழும்பு மாநகர சபை உருவாக்கப்பட்டது 1865 இல் என்றால், தொல்லைகள் கட்டளைச் சட்டம் 1862 இலேயே இயற்றப்பட்டுவிட்டது. பொதுத் தொல்லை தண்டனைச் சட்டக் கோவையிலும் குற்றமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 98 ஆம் பிரிவு, அத்தகைய தொல்லையை நீக்கும்படி நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்க நீதவானுக்கு அதிகாரம் கொடுக்கிறது. எரிந்த பொருள் இலையா பிளாஸ்டிக்கா என்பது இங்கே இரண்டாம் பட்சம். புகை யாருக்கு என்ன செய்தது என்பதே முதலாவது. நடைமுறையில் விடயம் நீதிமன்றம் வரை போவது அரிது. முறைப்பாடு போனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார், பார்ப்பார், எச்சரிப்பார். அதுவரை போகாமல் பல்கனியிலிருந்து “அன்ரி” என்று ஒரு குரல் கேட்டபோதே விடயம் முடிந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

வீட்டுக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், வீதிக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் அகற்றும் கடமையைச் சபையின் மீது சுமத்துகிறது. எரிக்காதே என்று சொல்லும் அதே அரச இயந்திரம் எடுத்துச் செல்லவும் கடமைப்பட்டிருக்கிறது. ஆகவே “வேறு வழியில்லாமல்தான் எரிக்கிறேன்” என்று சொல்பவர், முதலில் தன் ஒழுங்கைக்கு உக்கும் கழிவுக்கான வண்டி எந்த நாளில் வருகிறது என்பதை அறிந்துகொண்டு அதன்பின் அப்படிச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தை அடங்கும் கொழும்பு 6 ஐத் தாண்டித் தெஹிவளைக்குள் காலடி வைத்தால் சபையே வேறு. வண்டி வரும் நாளும் பிரிக்கும் முறையும் மாறிவிடும். வெள்ளவத்தையில் இருக்கும் சித்தியின் அட்டவணையைத் தெஹிவளையில் இருக்கும் மாமி பின்பற்றினால் பை தெருவிலேயே கிடக்கும்.

புகையின் கணக்கு

நாங்கள் சிறுவயதில் பார்த்த வளவு நெருப்புக்கும் இன்றைய வளவு நெருப்புக்கும் வேறுபாடு இலையில் இல்லை, மதிலுக்கு அப்பால் இருக்கிறது. அன்று பக்கத்து வீடும் ஓட்டுக்கூரைதான். புகை அதன் தலைக்கு மேலாகப் போய்விடும். இன்று புகை மேலெழும் அதே உயரத்தில் படுக்கையறை ஜன்னல்கள் வரிசையாகத் திறந்திருக்கின்றன. கடற்கரையோர நகரம் என்பதால் காற்றுக்கும் ஒரு நேரசூசி உண்டு. பகலில் கடற்காற்று வீசிப் புகையைக் காலி வீதிப் பக்கமாகத் தள்ளும். இரவிலும் விடியற்காலையிலும் தரைக்காற்று அதைக் கடற்பக்கத் தொடர்மாடிகளுக்குக் கொண்டுபோகும். இரண்டும் மாறும் அந்திவேளையில் காற்று ஏறக்குறைய ஓய்ந்து நிற்கும். நம் வீடுகளில் குப்பைக்கு நெருப்பு வைப்பது பெரும்பாலும் சரியாக அந்த அந்திவேளையில்தான். புகை எங்கும் போகாமல் ஒழுங்கைக்குள்ளேயே படுத்துவிடும்.

மார்கழி முதல் மாசி வரை நிலைமை இன்னும் மோசமாகலாம். அந்த மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று இந்தியத் துணைக்கண்டத்தின் மாசையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. 2022 டிசம்பர் 9 ஆம் திகதி காற்றின் தரம் கெட்டதற்காக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டதைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். இலங்கையின் காற்றுத்தர ஒழுங்குவிதிகளின்படி பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்களுக்கு 24 மணிநேர எல்லை கன மீற்றருக்கு 50 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021 இல் வெளியிட்ட வழிகாட்டல் அதே அளவீட்டுக்கு 15 என்று சொல்கிறது. வேறிடத்திலிருந்து வரும் மாசை நாம் தடுக்க முடியாது. அதற்கு மேல் நம் கிணற்றடிப் புகையையும் சேர்க்காமல் இருக்கலாம்.

இலை எரிவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கொழும்பின் ஈரப்பதத்தில் சருகு ஒருபோதும் முழுமையாகக் காய்வதில்லை. மேலடுக்கு சரசரவென்று இருக்கும், கையை உள்ளே விட்டால் அடியில் கறுத்த ஈர இலை ஒட்டிக்கொள்ளும். நெருப்பு முதலில் அந்த ஈரத்தை ஆவியாக்க வேண்டியிருப்பதால் வெப்பம் உயர்வதில்லை. சுவாலை இல்லாமல் புகைந்துகொண்டே இருக்கும். நன்றாக எரியும் விறகைவிடப் புகைந்துகொண்டிருக்கும் சருகுதான் காபனோரொட்சைட்டையும் நுண்துகளையும் அதிகமாக வெளிவிடும். அதற்குள் பி.வி.சி. குழாய்த் துண்டோ வயரின் மேலுறையோ அகப்பட்டால், அத்தகைய தாழ்ந்த வெப்பத்தில் டயொக்சின் என்ற நச்சுப்பொருள் உருவாவதற்கு அதைவிடப் பொருத்தமான சூழ்நிலை கிடையாது.

“அரசாங்கமே கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறதே” என்று பெரியப்பா கேட்டார், கேள்வி நியாயமானதே. 2021 பெப்ரவரியில் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் மின்னுற்பத்தித் திறன் 10 மெகாவோற். ஆனால் இத்தகைய உலைகளுக்கு உலகில் பொதுவாக வைக்கப்படும் நிபந்தனை, எரியும்போது எழும் வாயு 850 பாகை செல்சியசுக்கு மேல் குறைந்தது இரண்டு செக்கன் நிற்க வேண்டும், அதன்பின் வடிகட்டிகளைக் கடந்தே புகைபோக்கிக்குப் போக வேண்டும் என்பது. வளவில் சருகுக் குவியலுக்குப் புகைபோக்கி பெரியம்மாவின் மாமரந்தான். எண்ணெய்ப் பீப்பாயின் பக்கத்தில் துளையிட்டு அதற்குள் எரிப்பதும் பலர் சொல்லும் பரிகாரம். அது பக்கத்திலுள்ள ஓலைக்கு நெருப்புப் பரவாமல் தடுக்கும் என்பது உண்மை. வெப்பமும் சற்றுக் கூடும். புகையைக் குறைத்தாலும் நிறுத்தாது, திறந்த வெளி எரிப்பு என்ற வரையறையிலிருந்தும் வெளியே வராது.

எரிப்பதற்குச் சார்பான இரண்டு வாதங்களை நான் அலட்சியப்படுத்த விரும்பவில்லை. முதலாவது நுளம்பு. வேப்பிலைப் புகை போட்டால் நுளம்பு விலகும் என்பது எங்கள் அனுபவம். விலகுகிறது, புகை இருக்கும் வரை. ஆனால் டெங்கு நுளம்பு பகலில், அதிலும் காலையிலும் மாலையிலும் கடிப்பது, வீட்டுக்குள் திரைச்சீலைக்குப் பின்னாலும் மேசைக்குக் கீழும் ஒளிந்திருப்பது. முற்றத்துப் புகைக்கு அது வீட்டுக்குள் நகர்ந்துவிட்டால் நாம் யாரைத் துரத்தினோம்? 2017 இல் நாட்டில் 1,86,000 க்கு மேற்பட்டோருக்கு டெங்கு பதிவான ஆண்டில், எங்கள் ஒழுங்கையில் புகை போடாத வீடு இல்லை. அழிக்க வேண்டியது நீர் தேங்கும் இடங்களை. இரண்டாவது வாதம் சாம்பல். சாம்பலில் பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. கொழும்பின் செம்மண் கலந்த அமிலத்தன்மையான மண்ணுக்கு அது ஓரளவு நல்லதுதான். ஆனால் இலையிலிருந்த நைதரசனில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது, மண்ணை இளக்கும் சேதனப் பொருளும் மிஞ்சாது. சாம்பல் சுத்தமானதா என்பதும் ஒரு கேள்வி. பெரியம்மாவின் கடைசி நெருப்பின் சாம்பலை மறுநாள் காலை ஈர்க்குச்சியால் கிளறிப் பார்த்தேன். உருகி இறுகிய தயிர்க்கோப்பையின் விளிம்பு, மருந்துக் குளிசை அட்டையின் ஈயத்தாள், பாதி கருகிய நைலோன் கயிறு, ஒரு பற்றரியின் உலோக உறை ஆகியவை வந்தன. “நான் இலை மட்டுந்தான் எரிக்கிறனான்” என்று பெரியம்மா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கூட்டும்போது வந்ததெல்லாம் இலை என்றே அவர் எண்ணியிருந்தார். அந்தச் சாம்பலைத்தான் இத்தனை வருடமும் கறிவேப்பிலைக்கும் போட்டு வந்தோம்.

வண்டிக்குக் கொடுத்தால்

மாநகர சபை வண்டிக்குக் கொடுப்பது உடலுழைப்புக் குறைந்த வழி. உக்கும் கழிவும் உக்காத கழிவும் தனித்தனியாக இருந்தால்தான் எடுப்பார்கள். அதைக் கண்டிப்பாகப் பார்க்கும் ஊழியர்களும் உண்டு, கண்டும் காணாமல் ஏற்றுபவர்களும் உண்டு. இதிலுள்ள முதல் சிக்கல் பருமன். சருகு எடை குறைந்தது, இடம் அடைப்பது. எங்கள் வளவில் ஒரு வாரத்தில் சேர்வது உரப்பையில் அமுக்கினால் மூன்று பை. மூன்று பையையும் ஒரே நாளில் படலையடியில் வைத்தால், அன்றைக்கு ஒழுங்கையின் ஏனைய வீடுகளின் சமையற்கழிவுக்கு வண்டியில் இடம் இல்லாமல் போகிறது. இரண்டாவது சிக்கல் மழை. நனைந்த சருகின் பாரம் பல மடங்கு; அதைத் தூக்கும் மனிதரின் முதுகைப் பற்றி நாம் பொதுவாக யோசிப்பதில்லை.

மூன்றாவது, அது எங்கே போகிறது என்பது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியதில் 32 பேர் உயிரிழந்தார்கள். அந்த மேட்டுக்குக் கொழும்பு நகரின் ஒவ்வொரு சமையலறையும் முற்றமும் ஏதோ ஒரு பங்கு அனுப்பியிருந்தது. அதன்பின் கழிவு கெரவலப்பிட்டிக்கும், புத்தளத்துக்கு அப்பால் அறுவைக்காட்டுக்கும் என்று நகரை விட்டுத் தூரமாகப் போகிறது. மண்ணுக்கே திரும்பக்கூடிய மாவிலையை லொறியில் ஏற்றி அவ்வளவு தூரம் அனுப்புவது எனக்கு வீண்செலவாகவே படுகிறது, செலவு வரியிலிருந்து போனாலும். தொடர்மாடியில் இருப்பவர்களுக்கும், மண்ணே இல்லாமல் முற்றம் முழுவதும் சீமெந்து போட்டவர்களுக்கும் இதுவே சரியான வழி. அவர்களிடம் வேறு வழி கேட்பது நியாயமல்ல.

கூலிக்கு ஏற்றிவிடுவது பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மரம் வெட்டும்போதும் கிளை கழிக்கும்போதும் லொறிக்காரர் வந்து, காசு வாங்கிக்கொண்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் கொண்டுபோவார். எங்கே கொட்டுவார் என்று கேட்டால் சிரிப்பார். கிருலப்பனை வாய்க்கால் கரையிலோ யாருடையதோ வெறுங்காணியிலோ அது கிடந்து, அங்கே யாரோ நெருப்பு வைத்தால், புகை நம்முடையது, இடம் மட்டும் மாறியது. பெரிய மரம் வெட்டும் நாளைத் தவிர இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அன்றைக்கும் எங்கே போகிறது என்று கேட்டுவிட்டே காசு கொடுக்க வேண்டும்.

வளவுக்குள்ளேயே உக்க விடுவது

இதில் மூன்று வெவ்வேறு முறைகள் இருப்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். எல்லாவற்றையும் ஒரே தொட்டிக்குள் போட முயன்றதுதான் எங்கள் முதல் தவறு.

கூட்டுப்பசளைத் தொட்டி எல்லோருக்கும் தெரிந்தது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை 2008 இல் ஆரம்பித்த பிலிசரு திட்டத்தின் காலத்திலிருந்து உள்ளூராட்சிச் சபைகள் ஊடாக அத்தொட்டிகள் பல வீடுகளுக்குப் போயிருக்கின்றன. பாதி வீடுகளில் அவை கவிழ்ந்து கிடப்பதையும் பார்க்கலாம். கவிழ்ந்ததற்குக் காரணம் நாற்றமும் புழுவும். காபனுக்கும் நைதரசனுக்கும் இடையிலான விகிதம் ஏறக்குறைய 25 அல்லது 30 க்கு 1 என்று இருந்தால் உக்கல் நன்றாக நடக்கும்; சமையற்கழிவில் நைதரசன் மிகை, சருகில் காபன் மிகை. மரக்கறித் தோலை மட்டும் கொட்டினால் தொட்டி நாறும், சருகை மட்டும் கொட்டினால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒரு கோப்பை மரக்கறித் தோலுக்கு இரண்டு மூன்று கோப்பை நொறுக்கிய சருகு என்ற கணக்கு எங்களுக்குச் சரிவந்தது. அதாவது, பெரியம்மா எரித்துத் தொலைக்க நினைத்த பொருள்தான் பக்கத்து வீட்டுத் தொட்டிக்குப் போதாமல் இருந்த பொருள். ஈரம், கையில் பிழிந்தால் ஒரு துளி கசியும் அளவுக்கு இருந்தால் போதும். மீன் செதிளும் சோறும் போட்டால் எலி வரும். கொழும்பில் எலி என்றால் எலிக்காய்ச்சலும் கூடவே வரக்கூடும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கொழுத்த சாம்பல்நிறப் புழுக்கள் நெளிவதைக் கண்டு பெரியம்மா ஒருநாள் தொட்டியையே வீசப் பார்த்தார். அவை பெரும்பாலும் ஒருவகை ஈயின் புழுக்கள், கழிவைத் தின்று வேலையைத் துரிதப்படுத்துபவை, வீட்டு ஈ அல்ல. ஈரம் கூடிவிட்டது என்பதற்கு அவை ஓர் அறிகுறி. இரண்டு கை சருகு போட்டதும் குறைந்துவிட்டன.

சருகுக் கூண்டு இதைவிட எளிது, அதிகம் பேசப்படாததும் கூட. கோழிக்கூட்டுக் கம்பிவலையை ஒரு மீற்றர் அகலமுள்ள வட்டமாக வளைத்து, நான்கு கம்பை நட்டுக் கட்டி, அதற்குள் சருகை மட்டும் கொட்டி வருவது. சமையற்கழிவு இல்லாததால் எலியும் இல்லை, நாற்றமும் இல்லை. தானாகவே அமுங்கிக்கொண்டு போகும். மாவிலையும் பலாவிலையும் தடித்த மெழுகுப் பூச்சு உள்ளவை, இலேசில் உக்காது. புல்வெட்டும் இயந்திரத்தை ஒருமுறை மேலால் ஓட்டினாலோ, காய்ந்த இலையைச் சாக்குக்குள் போட்டு மிதித்தாலோ காலம் பாதியாகும். வெயிலில் வாரமொருமுறை ஒரு வாளி தண்ணீர். மழைக்காலத்தில் ஒன்றுமே தேவையில்லை. ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஊரில் அது பெரிய அனுகூலம். அவசரமில்லாதவர்கள் கூண்டும் இல்லாமல், மரத்தடியிலேயே நாலு விரல் தடிப்புக்குப் பரப்பிவிடலாம். தண்டோடு முட்டாமல் ஒரு சாண் விட வேண்டும். பார்ப்பதற்குக் “கூட்டாத முற்றம்” போல இருக்கிறது என்பதுதான் இதற்கு எங்கள் வீட்டில் கிளம்பிய ஒரே எதிர்ப்பு, ஆனால் அது வலுவான எதிர்ப்பு. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் முன்முற்றத்தை விட்டுவிட்டுப் பின்வளவில் மட்டும் பரப்புவது என்று சமரசம் செய்துகொண்டோம்.

தென்னையின் கழிவு தனி வகை. ஓலையும் கொக்கரையும் பாளையும் பொச்சு மட்டையும் எந்தத் தொட்டிக்குள்ளும் அடங்காது. வளவில் நெருப்பு வைக்க ஆட்களைத் தூண்டுவது உண்மையில் இவைதான். மட்டைக்குப் பழைய வழி ஒன்று உண்டு: தென்னையின் அடியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளிக் கிடங்கு வெட்டி, மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண்ணால் மூடுவது. மட்டை பஞ்சுபோல நீரைப் பிடித்து வைத்து வரட்சியில் மரத்துக்குக் கொடுக்கும். மூடாமல் மேலே குவித்து வைத்தால் அதே குழிவு நுளம்புத் தொட்டியாகிவிடும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் பழைய டயரோடு தேங்காய்ச் சிரட்டையையும் சேர்த்துச் சொல்வது காரணத்தோடுதான். பரிசோதகர் வந்தால் முதலில் பார்ப்பதும் இந்தக் குவியலையே. கூட்டுப்பசளைத் தொட்டியின் மூடிக்கு மேல் தேங்கும் நீரையும் அவர் பார்ப்பார் என்பதை நாங்கள் ஒருமுறை அனுபவத்தில் கற்றோம். ஓலையைக் கிழித்து ஈர்க்கெடுத்து விளக்குமாறு கட்ட இன்று ஆளில்லை. கத்தியால் ஒரு முழத் துண்டுகளாக வெட்டிக் கூண்டின் அடியில் போட்டால் காற்றோட்டத்துக்கு உதவுகிறது. கொக்கரையின் அடிக்கட்டைதான் மிஞ்சுகிறது. அது வண்டிக்கு.

கோயில் நெருப்பும் கரி அடுப்பும்

திறந்த வெளியில் எரிப்பதற்கான தடையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் கார்த்திகை விளக்கீட்டன்று கோயில் முன்றலில் கொளுத்தும் சொக்கப்பனையைக் கேட்பார்கள். அது கழிவை ஒழிக்கும் நெருப்பு அல்ல, வழிபாட்டு நெருப்பு. ஒரு மாலை, சில நிமிடம், ஆட்கள் சுற்றி நிற்க எரிவது. அதைக் குப்பை எரிப்போடு ஒரே தராசில் வைப்பது சரியென்று நான் நினைக்கவில்லை. ஆனால் காய்ந்த ஓலை கிடைக்காத கொழும்பில் உயரத்தைக் கூட்டுவதற்காக அட்டைப்பெட்டியும் பொலித்தீன் சுற்றிய வைக்கோலும் உள்ளே போனால், அது தன்னைத் தானே குப்பை எரிப்பாக மாற்றிக்கொள்கிறது. மேலே மின்கம்பி இல்லாத இடம், பக்கத்தில் ஒரு குழாய்த் தண்ணீர், அயல் தொடர்மாடிக்கு முதல்நாளே ஒரு சொல் ஆகியவை போதும். மொட்டைமாடியில் கரியில் இறைச்சி வாட்டுவதும் வேறு வகை, அது சமையல். என்றாலும் எரிவாயு சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாட்டாதீர்கள், காற்றுப் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கேயாவது கைமீறினால் கொழும்புத் தீயணைப்புப் பிரிவின் இலக்கம் 110.

நாங்கள் எடுத்த முடிவு

பெரியம்மா வீட்டில் எரிப்பது நின்றுவிட்டது. மாவிலையும் பலாவிலையும் கூண்டுக்கு, மரக்கறித் தோல் தொட்டிக்கு, கூண்டிலிருந்து எடுக்கும் சருகோடு, மட்டை கிடங்குக்கு, கொக்கரைக் கட்டையும் மீன் கழிவும் உக்கும் கழிவு வண்டிக்கு, மிச்சம் உக்காத கழிவு நாளுக்கு. கூட்டுவதற்கு முன் கையில் ஒரு பையோடு வளவை ஒருமுறை சுற்றி வந்து, காற்றில் பறந்துவந்த உறைகளைப் பொறுக்குவதுதான் உண்மையில் புதிதாகச் சேர்ந்த ஒரே வேலை. ஐந்து நிமிடம் ஆகும், அதை முதலில் செய்யாவிட்டால் மற்ற எதுவும் சரிவராது. காணி 6 பேர்ச்சுக்குக் குறைந்து, ஒரே ஒரு மரம் உள்ள வீடாக இருந்தால் கூண்டு வேண்டாம் என்பேன். மரத்தடியில் பரப்பிவிட்டு மிச்சத்தை வண்டிக்குக் கொடுக்கலாம். மரமே இல்லாத தொடர்மாடிக்காரர் சருகு வேண்டுமென்றால் எங்களிடம் கேட்கலாம். மூன்றாம் மாடிப் பெண் கேட்டார். தன் பல்கனித் தொட்டிக்கு மாதமொரு பை வாங்கிப்போகிறார்.

ஆறு மாதத்தில் கூண்டின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்த தூள் சேர்ந்திருக்கிறது. அதற்கு மேலுள்ள பலாவிலை இன்னும் இலையாகவே இருக்கிறது. மிதிக்காமல் போட்டதன் பலன். பெப்ரவரி வெயிலில் பலா உதிர்க்கும் அளவுக்கு ஒரு கூண்டு காணுமா என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு. பெரியப்பா இன்னொரு கம்பிவலைக்கு அளவெடுத்து வைத்திருக்கிறார்.